பேராசையா? பெருமுயற்சியா? – சில சொற்களின் கதை

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தன்னைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னால், கல்லூரி மாணவர்கள் பலரும் தவறாமல் எழுதும் ஒரு சொல் உண்டு. அது 'ஆம்பிஷியஸ்'. நேர்முகத் தேர்வு நடத்துபவருக்கும் அந்தச் சொல் பிடிக்கும். மேலே போகத் துடிப்பவன், சும்மா இருக்க மாட்டான், வேலை வாங்கலாம் என்று நினைத்துக்கொள்வார்.

ஆனால் இதே சொல் பிறந்த வேரிலிருந்து வந்த இன்னொரு சொல், 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோம் நகரில் ஒரு குற்றத்தின் பெயராக இருந்தது. அந்தக் குற்றம் நிரூபிக்கப்பட்டால் 10 ஆண்டுகள் நாடு கடத்தல்!

ஒரு குற்றத்தின் பெயர் எப்படிப் பாராட்டாக மாறியது? இந்த ஒரு சொல் மட்டும் அல்ல. முன்னேறத் துடிக்கும் மனிதர்களையும், பெரிதாக ஏதாவது தொடங்குபவர்களையும் குறிக்கும் பல சொற்களுக்கு இப்படி ஒரு பின்கதை இருக்கிறது. அவற்றை வரிசையாகப் பார்த்தால், சொற்களின் கதை மட்டும் தெரிவதில்லை. யார் மேலே வரலாம், யார் வரக்கூடாது என்று ஒவ்வொரு காலமும் எப்படி முடிவு செய்தது என்பதும் தெரிகிறது.

ஊர் சுற்றியவர்கள்

லத்தீன் மொழியில் 'அம்பிரே' என்றால் சுற்றி வருதல். ரோமானியக் குடியரசில் பதவிக்குப் போட்டியிடுபவர்கள் நகரைச் சுற்றி வந்து, எதிர்ப்பட்டவர்களின் கையைப் பிடித்து ஓட்டுக் கேட்பார்கள். இந்தச் சுற்றலுக்குப் பெயர் 'அம்பிதியோ'. கூட்டத்தில் பளிச்சென்று தெரிவதற்காகச் சுண்ணத்தூள் தேய்த்து வெளுப்பாக்கிய அங்கியை அணிவார்கள். வெண்மை என்று பொருள்படும் 'காந்திதுஸ்' என்ற சொல்லிலிருந்துதான் வேட்பாளரைக் குறிக்கும் 'கேண்டிடேட்' வந்தது. எதிரே வருபவரின் பெயரைக் காதில் சொல்வதற்கென்றே ஓர் அடிமையைக் கூட அழைத்துப் போவதும் உண்டு. பெயர் சொல்லி நலம் விசாரித்தால் ஓட்டு விழும் என்பது அன்றே தெரிந்த ரகசியம்.

சுற்றுவதோடு நிற்காமல் பணம் கொடுத்து ஓட்டு வாங்கினால் அது 'அம்பிதுஸ்' என்ற குற்றம். இந்த விஷயத்தில் வந்த ஆரம்பகாலச் சட்டங்களில் ஒன்று கி.மு. 358 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சந்தைகளிலும் மக்கள் கூடும் இடங்களிலும் சுற்றி ஆதரவு திரட்டுவதைத் தடுப்பது அதன் நோக்கம். வரலாற்றாசிரியர் லிவி இதைப் பற்றி எழுதும்போது ஒரு முக்கியமான தகவலைத் தருகிறார். அந்தச் சட்டம் முக்கியமாக 'புதிய மனிதர்களை' அடக்கவே கொண்டுவரப்பட்டது என்கிறார்.

யார் இந்தப் புதிய மனிதர்கள்? குடும்பத்தில் அதற்கு முன் யாரும் உயர்பதவி வகிக்காதவர்கள். பரம்பரைப் பெரிய வீட்டுக்காரர்களுக்குச் சந்தையில் சுற்ற வேண்டிய தேவை குறைவு. அவர்களுடைய பெயரே அவர்களுக்காகச் சுற்றி வரும். பெயர் இல்லாதவன்தான் நடக்க வேண்டும். அந்த நடையைத்தான் சட்டம் நிறுத்தப் பார்த்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கி.மு. 63 இல் இந்தக் குற்றத்துக்கு 10 ஆண்டு நாடு கடத்தல் தண்டனையைச் சேர்த்த சட்டத்தைக் கொண்டுவந்தவர் சிசரோ. அவரே அர்ப்பினும் என்ற சிற்றூரிலிருந்து வந்து, பேச்சுத் திறமையால் மட்டும் கான்சல் பதவியைப் பிடித்த ஒரு புதிய மனிதர்! ஏணியில் ஏறியவர் அதன் அடுத்த படிகளை எண்ணத் தொடங்கியது போல இருந்தது.

ஆனால் சிசரோவின் பக்கமும் நியாயம் இருந்தது. அதே ஆண்டு தேர்தலில் தோற்ற கத்திலினா என்ற பிரபு, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்து, கி.மு. 62 இல் போர்க்களத்தில் இறந்தார். பதவி ஆசை ஒரு குடியரசையே எரிக்கக்கூடும் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. கத்திலினாவின் கதையை எழுதிய சலுஸ்ட் என்ற வரலாற்றாசிரியர், பேராசையும் பதவி ஆசையும் இரண்டும் தீமையே, ஆனாலும் பதவி ஆசை நற்குணத்துக்குச் சற்றுப் பக்கத்தில் இருக்கும் தீமை என்று எழுதினார். அந்தச் சொல்லின் இரட்டைக் குணத்தை அவர் அன்றே கண்டுகொண்டார் என்று சொல்லலாம்.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் இந்தச் சொல்லின் மேல் பழி நீங்கவில்லை. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் (1599) சீசரைக் கொன்றதற்கு புரூட்டஸ் சொல்லும் காரணமே இந்த ஒற்றைச் சொல்தான். மார்க் ஆண்டனியின் புகழ்பெற்ற உரை முழுவதும் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லியே அதை உடைக்கிறது. மக்பெத்தைக் கொலைகாரனாக்குவதும் அதே ஆசைதான்.

சாகசம் செய்தவர்கள்

இங்கிலாந்தில் பணம் படைத்த வணிகர்களின் காலம் வந்தபோது வேறு ஒரு சொல் முன்னுக்கு வந்தது. 'அட்வெஞ்சரர்'. இன்று இந்தச் சொல்லைக் கேட்டால் மலையேறுபவர் நினைவுக்கு வருவார். அன்று அது வியாபாரச் சொல். கடல் கடந்து துணி விற்ற ஆங்கில வணிகர்களின் அமைப்புக்கு 1407 இல் அரச சாசனம் கிடைத்தது. பிற்காலத்தில் அதன் பெயரே 'மெர்ச்சண்ட் அட்வெஞ்சரர்ஸ்'.

அமெரிக்காவில் குடியேற்றம் அமைத்த வர்ஜீனியா கம்பெனியில் இந்தச் சொல்லின் பொருள் இன்னும் தெளிவாகத் தெரியும். 1609 இல் ஒரு பங்கின் விலை 12 பவுண்டு 10 ஷில்லிங். லண்டனில் வீட்டில் உட்கார்ந்தபடி பங்கு வாங்கியவருக்குப் பெயர் அட்வெஞ்சரர். கப்பலேறிப் போய், பசியிலும் நோயிலும் செத்தவருக்குப் பெயர் 'பிளாண்டர்', அதாவது குடியேறி. உயிரைப் பணயம் வைத்தவன் சாகசக்காரன் அல்ல, பணத்தைப் பணயம் வைத்தவனே சாகசக்காரன்!

நம் சாகசத்துக்கும் இப்படி ஒரு பழைய கதை உண்டு. இதன் மூலம் 'சாஹஸ' என்ற சமஸ்கிருதச் சொல். அர்த்தசாஸ்திரத்திலும் மனுஸ்மிருதியிலும் அது ஒரு சட்டச் சொல். வெளிப்படையாக, பலவந்தமாகச் செய்யும் கொள்ளை போன்ற குற்றங்களுக்கு அந்தப் பெயர். இன்று தமிழில் சாகச வீரன் என்றால் பாராட்டு. ரோமில் 'அம்பிதுஸ்' பக்கம் நடந்தது போலவே இங்கும் ஒரு குற்றத்தின் பெயர் பதக்கமாக மாறியிருக்கிறது.

ப்ரொஜெக்டர் என்ற வசைச்சொல்

17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவரை 'ப்ரொஜெக்டர்' என்று அழைத்தால் அவர் சண்டைக்கு வந்துவிடுவார். ப்ரொஜெக்ட் என்றால் திட்டம். ப்ரொஜெக்டர் என்றால் திட்டம் போடுபவர். சதுப்பு நிலத்தை வற்ற வைக்கிறேன், புதிய முறையில் சோப்பு செய்கிறேன் என்று ஏதாவது ஒரு யோசனையோடு அரண்மனைக்கும் பணக்காரர் வீட்டுக்கும் அலைபவர். இவர்களில் உண்மையானவர்களும் இருந்தார்கள், பக்கா ஏமாற்றுக்காரர்களும் இருந்தார்கள். பெயர் மட்டும் இரு தரப்புக்கும் ஒன்றுதான்.

நாடக ஆசிரியர் பென் ஜான்சன் 1616 இல் மேடையேறிய தன் நாடகம் ஒன்றில் இப்படிப்பட்ட ஒரு ப்ரொஜெக்டரை வைத்து ஊரையே சிரிக்க வைத்தார். 1726 இல் வந்த கல்லிவரின் பயணங்களில் ஜொனாதன் ஸ்விஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். அதில் வரும் லகாடோ கழகத்தில் ஒரு ப்ரொஜெக்டர், வெள்ளரிக்காயிலிருந்து சூரிய ஒளியைப் பிழிந்தெடுக்க எட்டு ஆண்டுகளாக முயன்றுகொண்டிருக்கிறார்!

இந்த வசைச்சொல்லுக்கு ஆதரவாகப் பேசிய ஒருவர் டேனியல் டீஃபோ. ராபின்சன் குரூசோவை எழுதியவர்தான். அதற்கு முன் அவர் ஒரு வியாபாரி. புனுகுப் பூனை வளர்ப்பிலும், கடலில் மூழ்கிய புதையலை எடுக்கும் மூழ்குகலத்திலும் பணம் போட்டவர். 1692 இல் 17,000 பவுண்டு கடனோடு திவாலானார். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1697 இல் திட்டங்களைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். நோவாவின் பேழையே தான் படித்த முதல் திட்டம் என்று அதில் எழுதினார். நேர்மையான ப்ரொஜெக்டரையும் ஏமாற்றுக்கார ப்ரொஜெக்டரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் வாதாடினார். கையைச் சுட்டுக்கொண்டவரின் வாதம் அது.

ஊர் அதைக் கேட்கும் நிலையில் இல்லாமல் போனதற்குக் காரணம் 1720. அந்த ஆண்டு ஜனவரியில் சுமார் 128 பவுண்டாக இருந்த சவுத் சீ கம்பெனியின் பங்கு, கோடையில் 1,000 பவுண்டைத் தொட்டது. ஆண்டு முடிவதற்குள் 200 பவுண்டுக்கும் கீழே விழுந்தது. பணம் இழந்தவர்களில் ஐசக் நியூட்டனும் ஒருவர். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அந்தக் கம்பெனி இயக்குநர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. இதற்குப் பிறகு புதிதாக எதையாவது தொடங்குகிறேன் என்று வந்தவரை மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

ஒரு சொல்லுக்காக ஒரு கடிதம்

ஒரு வசைச்சொல்லால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். கடன் கிடைக்காமல் போகும்! அதுதான் அடுத்த கட்டம்.

1776 இல் ஆடம் ஸ்மித்தின் புகழ்பெற்ற பொருளாதார நூல் 'நாடுகளின் செல்வம்' வெளிவந்தது. அப்போது இங்கிலாந்தில் சட்டப்படி 5 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. தடையற்ற வணிகத்தின் தந்தை என்று பெயர் பெற்ற ஸ்மித், இந்தத் தடையை மட்டும் ஆதரித்தார். அவருடைய காரணம் இதுதான்: வட்டியை 8 அல்லது 10 சதவீதம் வரை அனுமதித்தால், அவ்வளவு வட்டி கொடுக்க முன்வருபவர்கள் ஊதாரிகளும் ப்ரொஜெக்டர்களும் மட்டுமே. நிதானமானவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நாட்டின் பணம் வீணாக்குபவர்கள் கைக்குப் போய்விடும்.

ஊதாரியும் புதிதாகத் தொழில் தொடங்குபவனும் ஒரே பட்டியலில்!

இதைப் படித்துக் கொதித்தவர் ஜெரமி பெந்தம் என்ற சட்ட அறிஞர். அப்போது ரஷ்யப் பேரரசில், இன்றைய பெலாரஸில் உள்ள கிரிச்செவ் என்ற ஊரில், தன் தம்பியுடன் தங்கியிருந்தார். தம்பி சாமுவேல் அங்கே பொறியாளர். அங்கிருந்து கடிதங்களின் வடிவில் பெந்தம் எழுதிய நூல் 1787 இல் வெளிவந்தது. அதன் கடைசிக் கடிதம் நேரடியாக ஆடம் ஸ்மித்துக்கு எழுதப்பட்டது. முழுக்க முழுக்க இந்த ஒரு சொல்லைப் பற்றியது.

பெந்தமின் வாதம் எளிமையானது. இன்று வழக்கமாக இருக்கும் ஒவ்வொரு தொழிலும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய புதுத் திட்டமாகத்தான் இருந்தது. அன்றும் அதைச் செய்தவரைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். புதிய முயற்சிக்குக் கூடுதல் ஆபத்து உண்டு. ஆகவே கூடுதல் வட்டி கொடுத்தால்தான் கடன் கிடைக்கும். 5 சதவீதத்தில் கதவை மூடினால் பழைய தொழில்காரனுக்கு மட்டுமே பணம் போகும்.

அவர் சொன்ன ஓர் உவமை இன்றும் நினைவில் நிற்கக்கூடியது. தொழில் வளர்ச்சி என்பது வழியெங்கும் குழிகள் நிறைந்த ஒரு சமவெளி. ஒவ்வொரு குழியும் மூட ஒருவர் அதில் விழ வேண்டும். ஒருமுறை மூடிய குழி மறுபடி திறக்காது. பின்னால் வருபவர்கள் பத்திரமாக நடந்து போகலாம்.

இதற்கு உதாரணம் ஸ்மித்தின் அருகிலேயே இருந்தது. அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, அதே வளாகத்தில் கருவிகள் செய்துகொண்டிருந்தவர் ஜேம்ஸ் வாட். வாட் தன் நீராவி இயந்திரத்துக்கு 1769 இல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பணம் போட்டு மூன்றில் இரண்டு பங்கு வைத்திருந்தவர் ஜான் ரோபக் என்ற தொழிலதிபர். 1773 இல் ரோபக் நொடித்துப்போனார். 1,200 பவுண்டு கடனுக்கு ஈடாக அவருடைய பங்கு மாத்யூ போல்டன் என்பவர் கைக்குப் போனது. போல்டன் – வாட் கூட்டு உலகத்தையே மாற்றியது. பாடப்புத்தகத்தில் அந்த இரண்டு பெயர்கள் இருக்கின்றன. குழியில் விழுந்த ரோபக்கின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

5 சதவீத வட்டிச் சட்டம் ஒருவழியாக 1854 இல் நீக்கப்பட்டது. பெந்தம் இறந்து 22 ஆண்டுகள் கழித்து!

பெயர் கிடைக்காத வேலை

பிரான்ஸில் இதே ஆட்களுக்குப் பழிச்சொல் இல்லாத ஒரு பெயர் உருவாகிக்கொண்டிருந்தது. 'ஆந்த்ரப்ரனர்'. ஒரு வேலையை ஏற்றுச் செய்பவர் என்பது இதன் நேர்ப்பொருள். ரிச்சர்ட் காண்டிலன் என்ற வங்கியாளரின் நூல், அவர் இறந்த பிறகு 1755 இல் வெளிவந்தது. நிச்சயமான விலைக்கு வாங்கி, நிச்சயமில்லாத விலைக்கு விற்பவர் எவரோ அவரே ஆந்த்ரப்ரனர் என்பது அவர் தந்த விளக்கம். இதன்படி விவசாயியும் ஆந்த்ரப்ரனர், கடைக்காரரும் ஆந்த்ரப்ரனர். பிச்சைக்காரர்களையும் திருடர்களையும்கூட அவர் அந்தப் பட்டியலில் சேர்த்தார். நாளை என்ன கிடைக்கும் என்று தெரியாமல் இன்று இறங்குபவர்கள் எல்லோரும் ஓர் இனம் என்பது அவர் கணக்கு. அதில் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை.

இந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முயன்றபோது ஒரு தமாஷ் நடந்தது. ஜான் பாப்டிஸ்ட் சே என்ற பிரெஞ்சுப் பொருளியலாளரின் நூலை 1821 இல் சி. ஆர். பிரின்செப் மொழிபெயர்த்தார். ஆந்த்ரப்ரனருக்கு நேரான ஆங்கிலச் சொல் 'அண்டர்டேக்கர்'. ஆனால் அதற்குள் அந்தச் சொல் சவ அடக்கம் செய்து கொடுப்பவரைக் குறிக்கத் தொடங்கிவிட்டது! வேறு வழியில்லாமல் பழைய 'அட்வெஞ்சரர்' என்ற சொல்லையே போட்டார். அதுவும் நிலைக்கவில்லை. தொழிற்புரட்சி நடந்த நாட்டுக்கு, அதை நடத்தியவர்களைக் குறிக்கச் சொந்தமாக ஒரு நல்ல சொல் அமையவில்லை. கடைசியில் பிரெஞ்சுச் சொல்லையே அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

1911 இல் ஆஸ்திரியாவின் யோசப் ஷும்பீட்டர் தன் நூலில் இந்த மனிதரைப் பொருளாதாரத்தின் கதாநாயகனாகவே ஆக்கினார். ஊதாரிக்குப் பக்கத்தில் நின்றவர் மேடையின் நடுவுக்கு வர 135 ஆண்டுகள் ஆயின.

தமிழ் எப்படிப் பிரித்தது?

தமிழில் இந்தக் குழப்பம் வேறு மாதிரி. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கும் இரண்டு விஷயங்களைத் தமிழ் ஆரம்பத்திலேயே தனித்தனியாக வைத்துவிட்டது. திருக்குறளின் அதிகார வரிசையைப் பார்த்தாலே தெரியும். பொருட்பாலில் 60 ஆவது அதிகாரம் ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை, 63 இடுக்கணழியாமை. ஊக்கம், சோம்பல் இன்மை, விடாமுயற்சி, துன்பத்தில் கலங்காமை என்று நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் அறத்துப்பாலில் 18 ஆவது அதிகாரம் வெஃகாமை, அதாவது பிறர் பொருளைக் கவர விரும்பாமை. 37 ஆவது அவா அறுத்தல். உழைப்பைத் தட்டிக்கொடுக்கும் அதே நூல், பிறர் பொருள் மேல் வைக்கும் ஆசையை வெட்டச் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதில் வள்ளுவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பேச்சு வழக்கு அவ்வளவு நிதானமானது அல்ல. கடன் வாங்கிக் கடை வைப்பவனிடம் ஊர் சொல்வது "அகலக்கால் வைக்காதே". கடை ஓடினால் "துணிஞ்சவன்". ஓடாவிட்டால் "பேராசை பெருநஷ்டம்". அவன் வைத்த கால் அதே கால்தான்!

சொற்களும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. சங்க இலக்கியத்தில் வெறி என்றால் வேலன் முருகனுக்காக ஆடும் ஆவேச ஆட்டம். பிறகு அது மதவெறி, கொலைவெறி என்று பயமுறுத்தும் சொல்லானது. இப்போது இளைஞர்கள் வாயில் 'வெறித்தனம்' என்பது உச்சபட்சப் பாராட்டு. முனை என்ற வேரும் அப்படியே. தன்முனைப்பு என்றால் குற்றம், தொழில்முனைவோர் என்றால் அரசாங்கமே கடன் கொடுத்து வளர்க்க நினைக்கும் ஆள்.

தூத்துக்குடியில் நடந்தது

இந்தப் பெயர் சூட்டும் விளையாட்டு எவ்வளவு கொடூரமாக முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. அதை எதிர்த்து 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. பின்னணியில் நின்று உழைத்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை என்ற வக்கீல். தலைவர் பாண்டித்துரைத் தேவர். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வாட்டின் இயந்திரம் வழி வந்த நீராவிக் கப்பல்கள் இரண்டு, காலியா, லாவோ என்ற பெயர்களில், 1907 இல் வந்து சேர்ந்தன.

எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கூடவே குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். நஷ்டத்தைத் தாங்க அவர்களிடம் பணம் இருந்தது. 25 ரூபாய் பங்குக்காரர்களின் கம்பெனியிடம் இல்லை.

வ.உ.சி. அத்தோடு நிற்கவில்லை. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் துணை நின்றார். 1908 மார்ச் 12 அன்று சுப்பிரமணிய சிவாவுடன் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச்சூடு, நான்கு உயிர்கள். ஜூலையில் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, ராஜத்துரோகத்துக்கும் சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கும் சேர்த்து இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். 40 ஆண்டுகள்! மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. அவர் உள்ளே இருக்கும்போதே, 1911 இல், கம்பெனி கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது வக்கீல் தொழில் செய்யும் உரிமை போயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பிழைக்க முயன்றார். சிறையில் செக்கிழுத்த அதே காலத்தில், ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் தன்னம்பிக்கை நூலை 'மனம் போல வாழ்வு' என்று மொழிபெயர்த்தவர் அவர். பிற்காலத்தில் திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரையும் எழுதினார். அவா அறுத்தல் அதிகாரம் அறத்துப்பாலில்தான் இருக்கிறது. 1936 நவம்பர் 18 அன்று காலமானார்.

நீதிமன்றம் வைத்த பெயர் ராஜத்துரோகி. பணம் இழந்த பங்குதாரர்களில் யாராவது வேறு பெயர் சொல்லித் திட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட முடியாது. 1940களில் ம. பொ. சிவஞானம் எழுதிய நூலின் தலைப்பு அவருக்கு நிரந்தரமான பெயரைக் கொடுத்தது: கப்பலோட்டிய தமிழன். 1961 இல் அதே பெயரில் பி. ஆர். பந்துலுவின் படம் வந்தது, சிவாஜி கணேசன் வ.உ.சி.யாக நடித்தார். அந்தப் பெயர் பரவியபோது அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

பெந்தம் சொன்ன குழி இங்கேயும் மூடியது. 1919 ஏப்ரல் 5 அன்று சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் 'லாயல்டி' என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாள்தான் இந்தியாவில் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடப்படுகிறது. சிந்தியாவும் அதே பிரிட்டிஷ் கம்பெனிகளின் கட்டணப் போரைச் சந்தித்தது, ஆனால் தாக்குப்பிடித்தது.

பெயர் வைப்பவர் யார்?

இத்தனை சொற்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. முன்னேறத் துடிப்பவனுக்குப் பெயர் வைப்பவர், பெரும்பாலும் முடிவு தெரிவதற்கு முன்பே வைத்துவிடுகிறார். ரோமில் பழைய குடும்பங்கள் வைத்தன. லண்டனில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் வைத்தார்கள். திருநெல்வேலியில் ஓர் ஆட்சி வைத்தது. பெயர் வைத்த பிறகு அதற்கேற்ற தண்டனையும் வந்தது. சிலருக்கு நாடு கடத்தல், சிலருக்குக் கடன் மறுப்பு, ஒருவருக்குச் செக்கு.

அதற்காக எல்லாத் துடிப்பும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. கத்திலினாவும் சவுத் சீ இயக்குநர்களும் உண்மையில் இருந்தவர்கள்தான். ரோபக்குக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? ரோபக் விழுந்த குழியில் இருந்தது அவருடைய சொந்தப் பணம். சவுத் சீ இயக்குநர்கள் வெட்டிய குழியில் விழுந்தது மற்றவர்கள். ஊக்கமுடைமையையும் வெஃகாமையையும் வள்ளுவர் தனித்தனி அதிகாரமாக வைத்ததும் இந்த வித்தியாசத்துக்காகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே யாரையாவது 'பேராசைக்காரன்' என்றோ 'ஆம்பிஷியஸ்' என்றோ சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கலாம். தோற்றால் இழப்பு யாருக்கு? அந்தப் பெயரை வைப்பவருக்கு இதில் என்ன லாபம்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், எந்தச் சொல் பொருந்தும் என்பது தானாகவே தெரிந்துவிடும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இன்று வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர். 40 ஆண்டுத் தண்டனை எழுதிய நீதிபதியின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.